வழு யாருக்கு, அமைதி யாருக்கு?

ஏழாங்கிளாசில் மாரியம்மன் நோம்பியைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னார் தமிழய்யா. நான் 'நோம்பி' என்றே எழுதினேன். அன்னூர்ப் பக்கம் எங்க வளவில் மட்டுமில்லை, ஊருக்குள்ளேயும் அதுதான் பேச்சு. அய்யா சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் 'சேரிப் பேச்சு' என்று எழுதித் தந்தார். எங்கப்பன் பண்ணயத்துக்கு இருந்த பண்ணாடி வீட்டுப் பையனும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தான். அவன் நோட்டில் சுழி இல்லை. "நம்மூருப் பேச்சு மணக்குதடா" என்று சிரித்தார். ஒரே சொல். ரெண்டு தீர்ப்பு.

பிறகு கோவையில் எம்.ஏ. தமிழ் படித்தேன். நோன்பு நோம்பியானால் கொச்சை; கோயம்புத்தூர் கோவையானால் மரூஉ. மரூஉவை நன்னூல் இயல்பு வழக்கிலேயே சேர்த்துவிடுகிறது. திரிந்தது ரெண்டும்தான். எதை வைத்துப் பிரிப்பது? வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது.

இலக்கணம் வழுவை மன்னிக்கவும் செய்யும். அதற்குப் பேர் வழுவமைதி. ஒருத்தரைப் பன்மையில் சொல்வது உயர்த்திச் சொல்லும் வழக்கே தவிர இலக்கண முறையல்ல என்கிறது தொல்காப்பியம். அப்படி மன்னிக்கப்பட்ட வழுவில்தான் கோயமுத்தூரின் 'வாங்க, போங்க' நிற்கிறது. மரியாதைத் தமிழ் என்று ஊரே மெச்சுகிறது. அந்தத் தமிழிலேயேதான் எழுபது வயசு என் தாத்தாவை ஏழு வயசுச் சின்னப் பண்ணாடி "டேய், இங்க வாடா" என்பான். தாத்தா "வந்துட்டனுங்க சாமி" என்பார். 'ங்க' ஒரு பக்கமாகவே ஓடியது.

உவப்பினால் பசுவை 'அம்மை வந்தாள்' என்றால் குற்றமில்லை என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். இழிப்பினால் பாலும் திணையும் பிறழ்ந்தாலும் குற்றமில்லை என்று அதே நூற்பாவில் நன்னூல் சொல்கிறது. இழிப்புக்கும் அமைதி உண்டு. எங்க வளவுப் பேச்சுக்குத்தான் இல்லை.

அப்படியானால் மொழியில் தப்பு என்று பொதுவாக எதையும் சொல்லவே முடியாதா? எல்லாத் தீர்ப்பும் சாதித் தீர்ப்புத்தான் என்கிறார்கள் தோழர்கள் சிலர். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒத்துக்கொண்டால் தாத்தா வாங்கிய 'டேய்'யும் வெறும் வழக்காகிவிடும். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயிருக்காது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவதை 2015 திருத்தம் தனிக் குற்றமாகவே எழுதியது. அதுவும் ஆளைப் பார்க்கத்தான் செய்கிறது: யார் சொன்னது, யாரை, எந்த இடத்தில். ஆனால் எதைப் பார்க்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் பார்க்கிறது. சாட்சி கேட்கிறது. மறுத்துப் பேச இடம் தருகிறது. தமிழய்யா ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லைப் பார்த்ததாகச் சொன்னார். ஆளைப் பார்ப்பது குற்றமில்லை. மறைத்துப் பார்ப்பதுதான் குற்றம். காரணத்தை வெளியே வைத்து, அதை எல்லாருக்கும் ஒண்ணாக வைத்தால் நடுநிலையான தீர்ப்பு முடியும்.

இப்போது வளவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். 'நோம்பி' என்று வந்தால் சுழிப்பதில்லை. பக்கத்தில் 'திருவிழா' என்றும் எழுதித் தருகிறேன். போன வாரம் ஒரு பொண்ணு கேட்டது: "ரெண்டுல எதுங்கக்கா சரி?"

"ரெண்டும் சரிதான் கண்ணு. பரீட்சையில திருவிழான்னு எழுது. நோம்பி தப்புன்னு யாராச்சும் சொன்னா, எதனாலன்னு கேளு."