ஆறு மணிக்குக் கூப்பிடும் குருவி

ஐப்பசி மழைக்குச் சற்று முன்பு, விடியற்காலையில் புதர்ப் பக்கமிருந்து இரட்டை விசில் கேட்டால் மரக்கிளைகளில் தேடாதீர்கள், தரையைப் பாருங்கள். ஆறுமணிக் குருவி வந்திருக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கள்ளன்தான்.

பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், வெள்ளைத் தொண்டை, கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு ஒளிய முடியுமா என்று கேட்கலாம். முடிகிறது. சிவப்பெல்லாம் அடியில்; நமக்குக் காட்டுவது முதுகை. கிண்டிக் காட்டில் ஒருமுறை சருகு புரளும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து ஒரு பார்வை. அலகால் இலையைப் புரட்டி வீசியது. கீழே நெளிந்த புழு அடுத்த நொடியில் இல்லை. பிறகு அந்தத் துண்டு வால் நிதானமாக மேலும் கீழும் ஆடியது.

வால்தான் நல்ல அடையாளம். நீலத்தைப் பார்த்து மீன்கொத்திக் குஞ்சு என்பவர்கள் உண்டு. மீன்கொத்திக்குக் கால் குட்டை, தரையில் தத்தித் திரியாது. இதுவோ மைனாவைவிடச் சிறியது, கால் நீளம், வாலை யாரோ கத்தரித்துவிட்டது போலிருக்கும்.

தென்மேற்குப் பருவமழையின்போது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். நம் ஊர் விளக்குகளில் திகைத்து, கண்ணாடியில் மோதி, காலையில் ஏதாவதொரு வராந்தாவில் ஒடுங்கிக் கிடக்கும். காக்கைகள் சும்மா விடுமா?

பிழைத்து வந்தாலும் அதற்குச் சருகு வேண்டும். பூச்சியும் புழுவும் அங்கேதான் இருக்கின்றன. ஓர் இலை விடாமல் கூட்டிக் கொளுத்தும் தோட்டம் நமக்குச் சுத்தம், அதற்குப் பட்டினி.

புரட்டாசி, ஐப்பசியில் உங்கள் வாசலில் இப்படியொரு குருவி கிடந்தால் சோற்றைத் திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தெளிந்ததும், காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் புதரோரம் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.