கண்டங்கத்திரி: சில குறிப்புகள்

ராஜகுளம், சித்திரை. ஏரிக்கரைச் சரிவில் அறுகு, கோரை எல்லாம் சருகு. பச்சையாகக் கிடப்பது இது ஒன்றுதான். ஆடு வந்து முகர்ந்தது, தும்மியது, போய்விட்டது. ஆடு தொடாததால்தான் ஆடாதோடைக்கு அந்தப் பெயர் என்பார்கள். இதற்கும் வைத்திருக்கலாம். இரண்டுமே இருமலுக்கு மருந்து.

*

குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தண்டில் முள், காம்பில் முள், இலை நரம்பின் மேலும் கீழும் முள். வெளிர்மஞ்சள் ஊசிகள். முள்ளில்லாமல் வழவழவென்று இருப்பது காய் மட்டும்தான். கோலிக்குண்டு அளவு, பச்சையில் வெள்ளை வரி, பழுத்தால் மஞ்சள். கத்தரிக்குத் தம்பி என்று பார்த்தவுடன் தெரியும். அண்ணனைப் போல நிமிர்ந்து நிற்காது. தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும்.

*

லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் சொலானம் விர்ஜினியானம். ஆசியச் செடிக்கு அமெரிக்க ஊர்ப் பெயர்! 1768இல் பர்மன் சூரத் நகரை வைத்து 'சுரட்டென்ஸ்' என்றார். அதுவாவது நம் பக்கம். ஆனால் முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் சட்டம். ஆக, எங்கள் ஏரிக்கரைச் செடி தாளில் இன்னும் வர்ஜீனியாக்காரி.

*

பள்ளியில் சிறுபஞ்சமூலம் ஒரு மார்க் கேள்வி. ஆசிரியர் காரியாசான். ஐந்து வேர்: கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. மூச்சு விடாமல் ஒப்பித்தேன். முதல் வேரைத் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன் என்பது தெரியாது. யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நெருஞ்சியை மட்டும் தெரியும்; அது தானே காலில் ஏறி அறிமுகம் செய்துகொண்டது.

*

பல்வலி வந்தால் ஆயா காய்ந்த விதையைத் தணலில் போட்டு, கொட்டாங்கச்சி ஓட்டை வழியாகப் புகையை வாயில் பிடிப்பாள். பூச்சி விழுந்துவிடும் என்பாள். பல்லில் பூச்சி ஏது! வலி அடங்கியது என்று அவள் சொன்னதை மட்டும் மறுக்க மாட்டேன். சித்த மருந்துக்கடையில் கண்டங்கத்திரி லேகியம் இன்றும் கிடைக்கிறது. காயில் சொலசோடின் உண்டு, ஸ்டீராய்டு மருந்துக்கு மூலப்பொருளாகும் சரக்கு. நானாகக் கஷாயம் வைக்கும் துணிச்சல் எனக்கில்லை.

*

காலை ஏழு மணி. ஊதாப் பூவில் ஒரு கருவண்டு. நடுவில் குவிந்த மஞ்சள் மகரந்தப் பைகளைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தது. ரீங்காரம் சட்டென்று கீச்சென ஏறியது. பை நுனியில் சின்னத் துளைதான், உலுக்கினால்தான் தூள் கொட்டும். தேன் ஒரு சொட்டும் கிடையாது. கத்தரி, தக்காளிப் பூவிலும் இதே கூத்துதான்.

*

நூறு நாள் வேலைக்காரர்கள் கரையைச் செதுக்க வந்துவிட்டார்கள். பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுத்த விவரம் இருக்கிறது. இங்கே மம்முட்டியும் திட்டும். "வேரோட எடுக்கா, இல்லாட்டி மழைக்குத் திரும்ப நிக்கும்." இன்னொருத்தி முந்தானையை விரித்தாள். "அந்தப் பழத்தை மட்டும் இதுல போடு. எங்க மாமியாருக்கு நாலு நாளாப் பல்லுவலி."