இரண்டு சீட்டுகள்



சென்ற வாரம் ஆராதனை முடிந்ததும் நம் சபையின் ஒரு குடும்பத்தார் இரண்டு சீட்டுகளோடு வந்தார்கள். வேளாண்மையில் பட்டம் பெற்ற மகளுக்கு இரு வேலைகள் கிடைத்திருக்கின்றன: சென்னையில் மென்பொருள் நிறுவனம், கோவில்பட்டியில் மானாவாரி விவசாயிகளுக்கான விதை உற்பத்தி. முன்னதில் சம்பளம் இருமடங்கு. "ஐயா, ஜெபித்து ஒன்றை எடுத்துக் கொடுங்கள்" என்றார், கரிசலில் உளுந்தும் சோளமும் விதைக்கும் தகப்பனார். கல்விக்கடன் கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

மத்தியாவுக்காகச் சீட்டுப் போட்டது அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில். அடுத்த அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கியபின் சபை சீட்டுப் போட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. நம் வெள்ளாளன்விளை அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராயிருந்து, பிறரை ஊழியத்துக்குப் போகும்படி ஏவிவந்தவர். 'நான் ஏன் போகவில்லை' என்ற உறுத்தலே 1909இல் அவரைத் தோர்னக்கல்லுக்குக் கொண்டுபோயிற்று. அதற்காகத் தெலுங்கும் கற்றார்.

ஆகவே சீட்டை எடுக்காமல், "உன்னை உறங்கவிடாதது எது, மகளே?" என்று கேட்டேன். அதுவரை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை போலும். (ஞானஸ்நானம் கொடுத்த நானும்தான்.)

"மழைக்கு முன்னே விதைத்துவிட்டு அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஐயா."

தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தச் சீட்டுகளைப் பிரித்து, அவற்றின் பின்புறத்திலேயே கடன் தவணையைக் கணக்குப் போட்டோம். விதை வேலைச் சம்பளத்தில் அடைத்து முடிக்க ஆறு ஆண்டுகள் ஆகும்.