நாற்று நட்டவளை நடக்கச் சொல்லாதே

புதிதாக வேலைக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் பெண்கள், கர்ப்பிணிக்கு என்ன பயிற்சி சொல்லித்தருவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நேற்று அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டுவிட்டு வா என்பேன்.

பரங்கிப்பேட்டையில் ஒருத்தி மீன்கூடை சுமந்திருப்பாள். புவனகிரிப் பக்கம் ஒருத்தி பொழுதுக்கும் குனிந்து நாற்று நட்டிருப்பாள். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பவளோ உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டாள். நட்டவளுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க ஒரு பாய் கொடுங்கள். பிறகு கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெல்ல ஏற்றி இறக்கட்டும்; இடுப்புக்கு இதமாக இருக்கும். உடைப்பவளைத்தான் எழுப்பி நடக்கவிட வேண்டும்.

வாரம் 150 நிமிடம் மிதமான உடலசைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்குத் தொழில் பழக்கிய அக்கா கடிகாரம் பார்த்ததில்லை. கூடவே நடந்து பேச்சுக் கொடுப்பார். பதில் பாதியில் மூச்சு வாங்கினால் உட்கார வைத்துவிடுவார். வயிற்றில் கை வைக்குமுன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதற்கும் முன்னால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்தால் முதலில் பிரஷர், அப்புறம்தான் நடைப்பேச்சு.

சிதம்பரத்தில் விடிகாலையில் தேர் வீதிகளைச் சுற்றலாம். கடலூர் வெள்ளிக் கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். கர்ப்பத்தில் மூட்டுக்கட்டு தளர்ந்திருக்கும், கால் பிசகும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவளை விட்டுவிடாதீர்கள். அங்கே படுக்கையும் பலகாரமும்தான், சர்க்கரை ஏறலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. தாயின் மிகைச் சர்க்கரை கொடிவழி போக, பிள்ளை தன் இன்சுலினைக் கூட்டிக் கொழுக்கும். கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நிற்கும், இன்சுலின் உடனே அடங்காது. நாலு கிலோ என்று வீடே பூரிக்கும் நேரத்தில் பிள்ளை துவளலாம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை: இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பிட்டபின் சிறு நடை தாயின் சர்க்கரையை இறக்கும். நடந்தால் பிள்ளை இளைத்துவிடும் என்று அவள் அம்மா மல்லுக்கு நிற்பார். மிதமான நடையால் எடை குறையாது என்று அவரிடமே சொல்லி, அவரையும் துணைக்கு நடக்கக் கூப்பிடுங்கள். என் பேச்சு எடுபட்டதெல்லாம் இப்படித்தான். உதிரப்போக்கோ நீர்க்கசிவோ கண்டால், பிள்ளை அசைவு குறைந்தால், அன்றைக்கு நடையாவது ஒன்றாவது, 108-ஐக் கூப்பிடுங்கள்.