சஞ்சீவி மலையும் ஒரு சர்வரும்!

டேட்டாபேஸை அச்சு அசலா இன்னொரு பிரதி எடுக்கிறதுக்குப் பேர் ‘குளோனிங்’. கேட்க ‘டோலி’ ஆட்டுக்குட்டி மாதிரி ஜாலியாத்தான் இருக்கும். நான் பட்ட பாட்டைக் கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்!

ராமநாதபுரத்துல ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ். புது சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ண, நிஜ டேட்டாபேஸோட நகல் வேணும். கையில மூணு வாரத்துக்கு முந்தின பேக்கப், 60 ஜி.பி.! விண்டோஸ் டெஸ்ட் சர்வர்ல 200 ஜி.பி. காலி. ‘தாராளம்!’னு ரீஸ்டோர் கொடுத்தா, ‘இடம் பத்தாது’ன்னுது. பேக்கப்ங்கிறது கருவாடு மாதிரி பாஸ், சுருங்கித்தான் கிடக்கும். ரீஸ்டோர் பண்ணினா பழைய சைஸ் மீனாவே எழுந்து உட்காரும். மொத்தம் 240 ஜி.பி.!

புது டிஸ்க் மாட்டி மறுபடி ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரமா 0 சதவிகிதம்! தொங்கிடுச்சோனு பதறினா, அத்தனை இடத்தையும் முதல்ல பூஜ்யத்தால நிரப்பிக்கிட்டு இருக்கு. எஸ்.க்யூ.எல். சர்வரோட அக்கவுன்ட்டுக்கு விண்டோஸ்ல ஒரே ஒரு பர்மிஷன் கொடுத்திருந்தா, டேட்டா ஃபைலுக்கு அந்த வேலையே மிச்சம்!

ராத்திரி 11 மணிக்கு குளோன் ரெடி. உற்சாகத்துல ‘தவணை நினைவூட்டல்’ பட்டனை ஒரே அமுக்கு!

விடிகாலையில பாம்பன்லேர்ந்து மாமா போன். “மாப்ள, வலை வாங்கின கடனைப் போன வாரமே கட்டி முடிச்சுட்டேனேப்பா... பாக்கின்னு மெசேஜ் வந்திருக்கே? ராத்திரி பூரா உங்க அத்தை தூங்கலை.”

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. குளோன்ல இருந்த கடன் பழசு. போன் நம்பர்கள் நிஜம்! எல்லாருக்கும் மன்னிப்பு மெசேஜ் அனுப்பிட்டு, ரசீதோட ஓடிவந்தவங்ககிட்ட வாசல்லயே நின்னு விளக்கம் சொன்னேன்.

எது மூலிகைனு தெரியாம மலையையே தூக்கிட்டு வந்தார் அனுமார். அவருக்கு உயிர் காக்கிற அவசரம். எனக்கு என்ன வந்துச்சு? டெஸ்ட்டுக்குப் பத்து பேரோட டேட்டா போதாதா? டேபிள் அமைப்பு மட்டும் போதும்னா, அதுக்கு ‘டி.பி.சி.சி. குளோன்டேட்டாபேஸ்’னு ஒரு கட்டளை 2016லேயே வந்தாச்சு. கூடு வரும், உள்ளே வரிசைகள் வராது.

இப்பல்லாம் குளோன் ரெடியானதும் என் முதல் வேலை, அதுல இருக்கிற எல்லா போன் நம்பரையும் என் நம்பரா மாத்தறதுதான். போன டெஸ்ட்ல 800 தவணை மெசேஜும் எனக்கே வந்துச்சு.

அத்தை நிம்மதியா தூங்கறாங்க!