பழைய தட்டில் இருந்த பெயர்கள்

எங்கள் இல்லத்து மடிக்கணினி பதினோரு ஆண்டுகள் உழைத்த ஒன்று. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், 2014இல் பிளஸ் டூ பயின்றுகொண்டிருந்த எங்கள் மூத்த மகள் பெற்று வந்தது. மகள் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்காகச் சென்னை சென்ற பின்னர், அது எங்கள் தகப்பனாரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் செபமாலை இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். மாலைச் செபத்திற்கு மணி அடிக்கும் வரையில் அவர் தட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் இளமையில் தமிழ்த் தட்டெழுத்துப் பயின்றவர். இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்று தாமே போய் அமரும். கணினியில் அந்த வரிசை மாறாமல் தட்டுவதற்கு வாய்த்தது 'பாமினி' என்னும் எழுத்துருவே. ஆகவே அதனையே பற்றிக்கொண்டார். மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை முதலிய கடற்கரைப் பங்குகளின் பழைய பதிவேடுகளிலிருந்து, பங்குத்தந்தையரின் அனுமதியோடு பல ஆண்டுகள் அலைந்து எழுதிவைத்த எங்கள் வம்சத்தின் ஞானஸ்நான, திருமண, மரணக் குறிப்புகள் மூன்று நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. மூதாட்டியர் தபசு காலத்தில் பாடிய புலம்பல்களையும் கேட்டுக் கேட்டு அவற்றிலேயே எழுதி வைத்திருந்தார். அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்தார். 2021இல் இறைவனடி சேர்ந்தார். நோட்டுப் புத்தகங்களை ஏரலில் இருக்கும் எங்கள் அத்தை கேட்டு வாங்கிச் சென்றார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இப்பகுதியார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாகக் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை கடந்து ஏரல் ஊருக்குள் புகுந்தது. அத்தை வீட்டில் இரும்புப் பெட்டியின் பூட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு திறந்து பார்த்தால், மூன்று நோட்டுகளும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஊற்றுப்பேனா மை கரைந்து தாளெல்லாம் நீலம் பூத்திருந்தது. "அப்பா எழுதினதுல ஒரு பேரு மிச்சமில்ல தாயி" என்று அத்தை தொலைபேசியில் அழுதார்கள். மடிக்கணினியில் இருக்கிறது என்று தேற்றினோம். தேற்றினோமே தவிர, அதனை வேறெங்கேனும் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்கிற எண்ணம் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு எங்களுக்கு எழவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கணினியோ நாளுக்கு நாள் தளர்ந்தது. எங்கள் நாசரேத் பனைமரமும் செம்மண் தேரியும் சூழ்ந்த ஊர். ஆடிக்காற்றில் பறக்கும் அந்தச் செந்தூள் அடைத்த சன்னலுக்குள்ளும் வந்துவிடும். கணினியின் விசிறியை விட்டு வைக்குமா? பொத்தானை அழுத்திவிட்டுக் காபி கலந்து குடித்துவிட்டு வந்தாலும் திரை சுழன்றுகொண்டே இருக்கும். இதற்கிடையில், அதில் ஏற்றியிருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. ஓராண்டு நீட்டித்துக்கொள்ள வழி இருந்ததாயினும், அடுத்து வந்த விண்டோஸ் 11 எங்கள் பழைய கணினியை ஏற்காது என்பது உறுதியாயிற்று.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுரலாம், ஒரு மணி நேரத்துல தாரேன்" என்றார் கடைத் தம்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. 'சரி' என்று சொல்ல வாயெடுத்த கணத்தில், அத்தையின் அழுகுரல் காதில் கேட்டது போலிருந்தது. கணினியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். நாமே செய்வது என்று முடிவாயிற்று. மகள் தொலைபேசியில் வழிகாட்ட, அண்டை வீட்டு அண்ணாச்சி திருப்புளியோடு துணை நின்றார். அவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளி கண்ட ஊரில், திருகாணி என்றால் எந்தச் சபையாராயினும் ஆர்வத்தோடு வந்துவிடுவார்கள்.

பழைய வன்தட்டு என்பது சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 5400 முறை சுழல, அதன்மேல் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் ஊசிமுனை போன்ற தலை ஒன்று ஓடி எழுத்தைத் தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி. என்று அழைக்கப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வது ஏதுமில்லை. நுண்ணறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதே அதன் வேலை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசூவோக்கா 1980களில் வகுத்தளித்த ஃபிளாஷ் நினைவகமே அதன் மூலம். தேடி ஓடும் தலை இல்லாமையால், பழைய கணினியும் இதனை மாட்டியவுடன் இளமை பெறுகிறது. எங்களுடையதற்கு 240 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒன்றை வாங்கினோம். அளவில் பழைய தட்டின் இடத்திலேயே பொருந்தியது.

ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு வேற்றுமை உண்டு. வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். கைதேர்ந்தவர் மீட்டுத் தரலாம். எஸ்.எஸ்.டி.யிலோ, அழித்த இடங்களை இயங்குதளம் உடனே அறிவித்துவிட, அவ்வறைகள் பின்னணியில் துடைக்கப்பட்டு விடும். அங்கே அழித்தது பெரும்பாலும் அழிந்ததே. மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் பீரோவில் வைத்தாலும் அதன் மின்னூட்டம் மெல்லக் கசியக்கூடும். வேகத்திற்கு ஏற்ற பொருள்தான். பெட்டியில் பூட்டிக் காக்கும் ஆவணத்திற்கு ஏற்றதன்று.

ஆகவே முதல் வேலையாகப் பழைய தட்டைக் கழற்றி எடுத்தோம். "அதை மேசையில வச்சிட்டுதான் அடுத்த வேலை" என்றார் அண்ணாச்சி. கணினிக்குள் புதியது ஒன்றே இருந்தால், தவறான தட்டை அழித்துவிட்டோமோ என்ற நடுக்கத்திற்கே இடமில்லையல்லவா? இயங்குதளமாக லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தோம். விலையின்றிக் கிடைப்பது, குறைந்த நினைவகத்திலும் ஓடுவது. மகள் தன் கணினியில் அதனை இறக்கி, பிழையின்றி வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பென் டிரைவ் ஒன்றில் எழுதி அஞ்சலில் அனுப்பியிருந்தாள்.

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்து ஆறாம் நாள். 'தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் வரியைத் தேர்ந்தபோது, வெற்றுத் தட்டுதான் என்று தெரிந்திருந்தும் விரல் தயங்கியது. அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. விசையை அழுத்திய சில நொடிகளில் திரை மலர்ந்தது. அண்ணாச்சி கைதட்டினார்.

பிறகுதான் இருக்கிறது கதை. பழைய தட்டை உறை ஒன்றில் இட்டுக் கம்பியால் இணைத்து, தகப்பனாரின் கோப்பைத் திறந்தோம். ஒரு தமிழெழுத்தும் இல்லை! பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. 'அம்மா' என்று அவர் எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது. நெஞ்சு அடைத்துப்போய் மகளை அழைத்தோம். அவள் சிரித்தாள். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை என்றாள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த முகமூடி போன்றவை; முகமூடி கழன்றால் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். தமிழுக்கென்று தனி எண்களை உடைய யுனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான். எழுத்துருக் கோப்பு பழைய தட்டில், விண்டோஸ் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதனை எடுத்துப் புதிய இயங்குதளத்தில் சேர்த்தவுடன், கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கமெல்லாம் தமிழாயிற்று. கடைத் தம்பியின் ஒரு மணி நேரத்தில் ஏடு, எழுத்துரு இரண்டுமே போயிருக்கும்.

நம் கடற்கரைக்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்' இந்நாட்டில் ஒன்றும் எஞ்சவில்லை. அமெரிக்க ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி இருந்தமையால் அந்நூல் நமக்கு மிஞ்சியது. அடிகளாரோ தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தில் துயில்கிறார். எங்கள் தகப்பனாரின் ஏட்டுக்கு ஹார்வர்ட் வேண்டாம். ஏரலும் சென்னையும் போதும் என்று ஆளுக்கொரு பென் டிரைவ் அனுப்பினோம். பழைய தட்டைத் துணியில் சுற்றித் தேதி எழுதி, பரணில் அல்ல, மாடி அறையில் வைத்திருக்கிறோம்.

இப்பொழுது அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றும் பணி நடைபெறுகிறது. மாற்றி நிரல் ஒரு நொடியில் மாற்றிவிடுகிறது. பிழை பார்ப்பதே வாரக்கணக்கில் இழுக்கிறது. சவேரியார் பெயரால் எங்கள் வம்சத்தில் தலைமுறைக்கொரு சௌரிமுத்து உண்டு. பழைய எழுத்துருவில் ஔகாரக் கொம்புக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ஆதலால், மாற்றிய பிறகு 'சௌ' என்பது ஒற்றைக்கொம்புச் 'செ'யும் தனி 'ள'வுமாகப் பிரிந்து நிற்கிறது. கண்ணுக்கு வேற்றுமை தெரிவதில்லை. கணினியில் தேடினாலோ ஒரு சௌரிமுத்துவும் அகப்படவில்லை! ஆகையால் இரவுச் செபம் முடிந்தபின், ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்த, பக்கம் பக்கமாகப் போகிறோம். நேற்றுடன் நாற்பத்தேழு பக்கம் முடிந்தது. நான்கு சௌரிமுத்துக்கள் அகப்பட்டிருக்கிறார்கள். ஐந்தாமவருடைய ஞானஸ்நானத் தேதியில் தகப்பனார் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறார். அதைப் பதிவேட்டில் பார்த்து வர, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் மணப்பாட்டுக்குப் புறப்படுகிறோம். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.