கேட்கத் தெரிந்த மனிதர்

உலகத்தில் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு மேடையும் ஓர் ஒலிபெருக்கியும் கிடைத்துவிட்டால், பேசத் தெரியாதவர்கள்கூடப் பேசிவிடுகிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தாம் அபூர்வம். அதிலும், பிரபல ஆசிரியர்களையும் நடிகர்களையும் பேட்டி காண்பவர்களிடத்தில் இந்தக் குணத்தைக் காண்பது மிக அரிது. "தங்களுக்குப் பிடித்த சிற்றுண்டி எது?" என்று கேட்பார்கள். பதில் வந்து சேருவதற்குள், "அடுத்த படம் எப்போது?" என்று தாவிவிடுவார்கள். பேட்டி முடியும்போது அவர் உண்பது இட்லியா, தோசையா என்பது நமக்குத் தெரிந்துவிடும். அவர் யார் என்பது மட்டும் தெரியாது.

இத்தகைய பேட்டிகளால் சலித்திருந்த எனக்கு, சிகாகோ நகரத்து ஸ்டட்ஸ் டெர்க்கலின் ரேடியோ சம்பாஷணைகள் கிடைத்தது பெரும் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். இவர் 1912-ல் பிறந்தவர். சட்டப் பரீட்சையில் தேறியவர். ஆனால் வக்கீல் தொழிலை எட்டிப் பார்க்கவில்லை. ரேடியோ நாடகங்களில் போக்கிரி வேஷம் கட்டிக் காலம் தள்ளினார். பிறகு டெலிவிஷனில் நல்ல பெயர் எடுத்தார். அந்தச் சமயத்தில்தான் சோதனை வந்தது. இன வேற்றுமைக்கு எதிரான மனுக்களில் அவர் கையெழுத்திட்டிருந்தார். அது 1950-களின் தொடக்கம். இத்தகைய கையெழுத்துகளைத் தேசத் துரோகமாகக் கருதிய காலம். "யாரோ ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைப்பு நிலைக்கும். அவர் சொல்லவில்லை, பிழைப்புப் போயிற்று. 1952-ல் டபிள்யூ.எஃப்.எம்.டி. என்னும் சிறிய ரேடியோ நிலையத்தில் சேர்ந்தார். 1997 வரை 45 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அவருடைய ரகசியம் மிக எளிது. பேச வருகிறவரின் புத்தகத்தை முன்கூட்டியே முழுவதும் படித்துவிடுவார். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுக் குறிப்பும் எழுதிக்கொள்வார். தம் புத்தகத்தை ஊன்றிப் படித்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டால், எந்த ஆசிரியருடைய மனந்தான் திறவாது?

1961-ல் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பின நாவலாசிரியர் வந்தார். டெர்க்கல் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்கவில்லை. பெஸ்ஸி ஸ்மித் என்னும் பாடகியின் இசைத்தட்டு ஒன்றை வைத்தார். வெள்ளத்தில் வீட்டை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் புலம்பல் அது. பாட்டு முடிந்ததும் பால்ட்வின் தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். அமெரிக்காவில் இருந்தவரை அந்தப் பாடகியின் பாட்டை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லையாம். தம் ஜனங்களின் பேச்சும் பாட்டும் அவருக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தன. பிறகு ஸ்விட்ஜர்லாந்தில், வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஒரு பனிமலைக் கிராமத்தில், டைப்ரைட்டரையும் பெஸ்ஸி ஸ்மித்தின் இரண்டு இசைத்தட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குழந்தைப் பருவத்தில் தாம் பேசிய மொழியை மீட்டுக்கொண்டார். அதன் பின்னரே அவருடைய முதல் நாவல் முடிவுபெற்றது.

இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சொந்த மொழியை நாலு பேர் நடுவில் பேசக் கூசுவது எத்தகைய நோய் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்நிய ஆட்சி அகன்ற பின்னும் அது நம்மை விட்டு எளிதில் அகலவில்லை. அந்த நோய்க்கு ஆளாகி, அதிலிருந்து மீண்ட ஒருவர், தம் வாயாலேயே அந்த விவரத்தைச் சொல்கிறார். சொல்ல வைத்தது கேள்வியன்று, ஒரு பாட்டு.

லாரெய்ன் ஹான்ஸ்பெரி என்ற பெண்மணியின் நாடகம் 1959 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேயில் ஏறியது அதுவே முதல் தடவை. சிகாகோவில் வெள்ளையர் வசிக்கும் பகுதியில் வீடு வாங்கத் துணியும் ஒரு கறுப்புக் குடும்பத்தின் கதை அது. "இது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும், கறுப்பர் நாடகமே அல்ல" என்று சிலர் புகழ்ந்தார்கள். இரண்டு மாதங்கள் கழித்து டெர்க்கல் இந்தப் பேச்சை எடுத்தார். ஹான்ஸ்பெரி அந்தப் புகழ்ச்சியில் மயங்கவில்லை. தாம் எழுதியது சிகாகோ நகரின் தென்பகுதியில் வாழும் ஒரு குறிப்பிட்ட கறுப்புக் குடும்பத்தைப் பற்றியே என்றார். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒன்றைப் படைக்க வேண்டுமானால், கண்ணெதிரே உள்ளதை நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும் என்ற கருத்தையும் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 28.

இவ்வளவு சாமர்த்தியசாலியான டெர்க்கலுக்கு ஒலிப்பதிவு யந்திரத்தை மட்டும் சரியாகக் கையாளத் தெரியாது! நடனமணி மார்த்தா கிரஹாமின் பேட்டியும், நடிகர் மைக்கேல் ரெட்கிரேவின் பேட்டியும் அவர் கையாலேயே அழிந்துபோயின. ஆனால் இந்தக் குறையிலும் ஒரு நன்மை இருந்தது. "ஐயா, நாடா சுற்றவில்லையே!" என்று எதிரில் இருப்பவர் எடுத்துக் காட்டும்போதே அவருடைய பயம் தெளிந்துவிடுமாம். யந்திரம் ஓடாத இடத்தில் சிநேகம் ஓடத் தொடங்கிவிடும்.

அழிந்தவை போக, 5,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் எஞ்சியிருக்கின்றன. சிகாகோ சரித்திரக் காட்சிசாலை அவற்றைப் பாதுகாக்கிறது. 2018-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இணையத்தில் வெளியாயின. அவற்றை யாரும் காசின்றிக் கேட்கலாம். டெர்க்கல் 2008-ல், தமது 96-ஆம் வயதில் காலமானார்.

அச்சிட்ட பேட்டியில் வார்த்தைகள் இருக்கும். வார்த்தைக்கு முன்னால் வரும் தயக்கமும் பெருமூச்சும் இரா. ரேடியோ அவற்றையும் வைத்திருக்கிறது. ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில், 34 வயதில் மறைந்தார். எழுத நினைத்தவற்றில் எவ்வளவோ எழுதாமலே போய்விட்டார். ஆனால் 1959-ஆம் ஆண்டின் அந்த ஒலிப்பதிவில் இன்னமும் அவர் யோசித்துப் பேசுகிறார். எதிரே இருப்பவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.